கை துறுதுறுக்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்: கண்மண் தெரியாத செலவைக் கட்டுக்குள் கொண்டுவர

வீட்டில் பிரிக்காத பார்சல் நான்கு கிடந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. பொருள் எனக்கு வேண்டியிருக்கவில்லை, வாங்குவதுதான் வேண்டியிருந்தது. ஆர்டர் போட்டதும் வரும் குஷி, பார்சல் வருவதற்குள் வடிந்துவிடும். அப்புறம் அடுத்தது.

முதல் வேலை, பட்ஜெட் போடுவது அல்ல. கடந்த 3 மாதச் செலவை எடுத்து, தேவையில்லாமல் வாங்கியதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே வாங்கிய நேரத்தையும் அன்றைய மனநிலையையும் குறியுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டில் நேரம் பெரும்பாலும் இருக்காது. யுபிஐ செயலியிலும் குறுஞ்செய்தியிலும் கிடைக்கும். என் கணக்கில் பாதிக்கு மேல் இரவு 10 மணிக்குப் பிறகு வாங்கியவை, அதுவும் ஆபீஸில் திட்டு வாங்கிய நாட்களில்.

நேரம் தெரிந்துவிட்டதா? இனி அந்த நேரத்தில் வாங்குவதைச் சிரமமாக்குங்கள். ஷாப்பிங் செயலிகளில் சேமித்த கார்டை நீக்குங்கள். வங்கிச் செயலியில் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டையே அணைத்து வைக்கலாம். பின் நம்பர் கேட்காத யுபிஐ லைட்டும் வேண்டாம். தள்ளுபடி அறிவிப்புகளை நிறுத்துங்கள். ஆசைப்பட்ட பொருளை நோட்டில் எழுதி 3 நாள் விடுங்கள். என் நோட்டில் நான் எழுதியதையே மறந்துபோன பொருள்கள்தான் அதிகம்!

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். ரூ.40,000 பாக்கி, மாத வட்டி 3.5% என்று வையுங்கள். வட்டி ரூ.1,400, அதன்மேல் 18% ஜிஎஸ்டி ரூ.252. மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5% என்றால் நீங்கள் கட்டுவது ரூ.2,000. கடனில் குறைவது வெறும் ரூ.348! போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி தீரும்வரை கார்டை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இத்தனை செய்தும் நிறுத்த முடியவில்லை, பில்லை ஒளிக்கிறீர்கள், கடன் வாங்கி வாங்குகிறீர்கள் என்றால் இது சோம்பலோ ஊதாரித்தனமோ இல்லை. நூறாண்டுக்கு முன்பே ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் இதை 'ஒனியோமேனியா' என்ற பெயரில் விவரித்திருக்கிறார். தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தில் பணத்தை வாரி இறைத்தால், அது இருமுனை மனநோயின் (பைபோலார்) அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது நோட்டும் பேனாவும் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.