மசக்கையில் சாப்பிடுவது எப்படி? மும்பைவாசிகளுக்கு ஒரு செய்முறை

தாராவியிலோ செம்பூரிலோ ஒற்றை அறை வீட்டில் இருப்பவரிடம் "சமையலறைப் பக்கமே போகாதே" என்று சொல்லி என்ன பயன்? கட்டிலுக்கும் அடுப்புக்கும் நாலடிதான் தூரம். பக்கத்து வீட்டுக் கருவாடு வேறு கேட்காமலே உள்ளே வரும். அதனால் முதலில் மூக்கைச் சமாளிப்போம், வயிறு பிறகு.

மசக்கை பெரும்பாலும் 6-வது வாரத்தில் ஆரம்பித்து, 9-வது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கும். ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. "எல்லாம் மனசுதான்" என்று சொல்லும் அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

படி 1: எழுந்திருக்கும் முன்னால்

காலி வயிறு குமட்டலைக் கூட்டும். தலைமாட்டில் ஒரு சின்ன டப்பா வையுங்கள். அதில் பொரி, மேரி பிஸ்கட் அல்லது காக்ரா (மெல்லிசான மொறு ரொட்டி). என் ஓட்டு காக்ராவுக்கு: மொறமொறவென்று இருக்கும், மணமும் குறைவு, எந்த குஜராத்திக் கடையிலும் கிடைக்கும். மேத்தி (வெந்தயக்கீரை), மசாலா போட்டது வேண்டாம், சாதா போதும். இரண்டு துண்டு மென்று, 15 நிமிடம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள்.

நாக்கு வழிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிடுங்கள். நம்மில் சிலருக்கு காலை வாந்தியைக் கிளப்புவதே அதுதான். வாந்தி எடுத்தவுடன் பல் விளக்க வேண்டாம், அமிலம் பட்ட பல் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து விளக்கலாம்.

படி 2: வாசனையைக் குறையுங்கள்

தாளிப்பு வேலையை வீட்டுக்காரரிடம் விடுங்கள். அந்த நேரம் நீங்கள் வராந்தாவில் நில்லுங்கள். குக்கரை நன்றாக ஆறவிட்டு அவரே திறக்கட்டும்.

சூடான சாப்பாடுதான் அதிகம் மணக்கும். குளிர்ந்த தயிர்சாதமும் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயும் (மாட்டுங்கா கடைகளில் கிடைக்கும்) பலருக்கு இறங்கும். பி.பி. இருந்தால் நார்த்தங்காய் வேண்டாம். மும்பைப் புழுக்கத்தில் சாதத்தை வெளியே வைக்காமல், ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

படி 3: கொஞ்சம் கொஞ்சமாக

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு வாய். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே உறிஞ்சுங்கள். கோக்கம் சர்பத், எலுமிச்சை, இஞ்சி போட்ட மோர், எது உள்ளே நிற்கிறதோ அது. "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதல் சாப்பாடு அநேகமாகத் தேவையே இல்லை.

படி 4: பிடிக்காததற்கு மாற்று

பருப்பு வேகும் வாசனை ஆகவில்லையா? ஆறிய சுண்டல், வேர்க்கடலை, பன்னீர். பால் ஆகவில்லையென்றால் தயிர். கீரை இறங்காவிட்டால் சில வாரம் விட்டுவிடுங்கள், குடிமுழுகாது. பானிபூரி ஆசை வந்தால் வீட்டிலேயே செய்யுங்கள், தெருத் தண்ணீர் இந்த நேரத்தில் வேண்டாம்.

படி 5: லோக்கல் ரயில்

மீன்கூடை ஏறும் லக்கேஜ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கர்ப்பிணிகளும் போகலாம், டாக்டர் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று, கவர் இரண்டு பையில் எப்போதும் இருக்கட்டும்.

படி 6: மாத்திரையும் டாக்டரும்

ஃபோலிக் ஆசிட்டை நீங்களாக நிறுத்தக் கூடாது. காலையில் ஒத்துவராவிட்டால் ராத்திரி போடலாமா என்று கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் அதையும் சொல்லுங்கள். குமட்டலுக்கு டாக்ஸிலமின், வைட்டமின் பி6 சேர்ந்த மாத்திரை பலருக்கும் எழுதித் தருவதுதான். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைவு: இதில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம். கடைசியாக எப்போது சிறுநீர் போனது, எத்தனை தடவை வாந்தி என்று போனில் குறித்துக்கொண்டு போனால் டாக்டர் கேட்டதும் சொல்ல வசதி.