மல்யுத்தப் பிள்ளை எந்த நிறைக்கு இறங்கலாம்?

வன்னி வெயிலில் ஓடி வியர்த்து வந்த பிள்ளையை அளக்க வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் நிறை குறைந்து, கணக்கும் பிழையாகத் தாழ்ந்துவிடும். விடியவே, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கையில் அளவெடுங்கள்.

தோலடிக் கொழுப்பை அளக்கும் இடங்கள், வலப்பக்கம்: மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்நுனி, தொப்புளருகே. தோலைக் கிள்ளித் தூக்கி, விரலிலிருந்து 1 செ.மீ. தள்ளிக் கலிப்பரை (தோல்மடிப்பின் தடிப்பை அளக்கும் கருவி) வையுங்கள். இடத்துக்கு மூன்று தரம். தசையும் சேர்ந்து பிடிபட்டால் கொழுப்புக் கூடக் காட்டும். அநேகமான பிழை இங்கேதான்.

ஆண் பிள்ளைக்கு மூன்றிடமும் கூட்டி 43 மி.மீ. என்றால், தோல்மடிப்பிலிருந்து உடற்கொழுப்பைக் கணிக்கும் லோமன் சூத்திரப்படி கொழுப்பு ஏறத்தாழ 15%. 60 கிலோவில் கொழுப்பற்ற நிறை 51, 0.93 ஆல் வகுக்க 54.8. அதுதான் இறங்கக்கூடிய ஆகக் குறைந்த நிறை (0.93 என்பது அமெரிக்கப் பாடசாலை விதியின் 7% கொழுப்பு எல்லை, பெண் பிள்ளைக்கு 12%, அதாவது 0.88).

கிழமைக்கு உடல் நிறையில் 1.5% மட்டுமே குறைக்கலாம். 55 கிலோவுக்கு இறங்க ஆறு கிழமை வேணும்.