மலையில் நிறுத்திய டிரெய்லரை எலியும் காட்டெருமையும் கெடுத்தால்: கிளெய்மிலும் ரிப்பேரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கம் கேம்பர் டிரெய்லர்கள் (காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய் உள்ளே தங்கும் வண்டிகள்) இப்போதுதான் கண்ணில் படத் தொடங்கியிருக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் அதை ஏற்காட்டில் தெரிந்தவர் காபித் தோட்டத்தில் நிறுத்திவிட்டு, லீவு கிடைக்கும்போது போய்த் தங்குகிறார்கள். மே மாதக் கோடை விழாவோடு சரி, மழைக்காலம் முழுக்க எட்டிப் பார்ப்பதில்லை. கொண்டலாம்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் அந்த வண்டிகள் வருவது எலியோ குரங்கோ காட்டெருமையோ கைவைத்த பிறகுதான். புதிதாக வாங்கியவர்கள், இந்தத் தொழிலில் நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதையே திரும்பவும் படுகிறார்கள். பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுவது, ஜன்னலைத் திறந்துபோட்டு வருவது போன்றவை யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

காரின் பாலிசியே டிரெய்லருக்கும் போதும் என்று இருப்பது

போதாது. டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. அதன் பதிவு எண்ணும் மதிப்பும் பாலிசியில் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி உங்கள் வண்டிக்கு வந்த சேதத்துக்கு ஒரு ரூபாய் கூடத் தராது. ஓன் டேமேஜும் (சொந்த வண்டிச் சேதத்துக்கான கவர்) சேர்ந்த பாலிசி வேண்டும். அதில் எலி, குரங்கு என்று பெயர் போட்டிருக்காது. வெளிக்காரணத்தால் நேர்ந்த விபத்துச் சேதம் என்ற தலைப்பில்தான் விலங்கு செய்த சேதம் வரும். காரிலிருந்து கழற்றி நிறுத்தியிருக்கும்போதும் கவர் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏற்காட்டில் உங்கள் டிரெய்லர் கழன்றுதான் நிற்கப்போகிறது.

சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள்) பார்ப்பதற்கு முன் சுத்தம் செய்வது

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த ஆள் அதையே செய்துவிட்டு வந்து நிற்கும்போது மனசு ஆறுவதில்லை. அக்கறை இல்லாதவர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர்கள்தான் செய்கிறார்கள்.

ஓமலூர்க்காரர் ஒருவர் நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரெய்லரை நிறுத்தியிருந்தார். மழை விட்டபின் போய்க் கதவைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். பெஞ்சுக்கு அடியில், தண்ணீர் டேங்குக்கும் சுவருக்கும் இடையில் எலி கூடு கட்டியிருந்தது. மெத்தை ஸ்பாஞ்சைப் பொடிப்பொடியாகக் கடித்து, திரைச்சீலை நூலையும் காய்ந்த காபிப்பழத் தோலையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தது. அந்த வழியாகப் போகும் 12 வோல்ட் வயர்கள் நாலைந்து இடத்தில் துண்டாகியிருந்தன. குடும்பமே சேர்ந்து கூட்டிப் பெருக்கி, பினாயில் ஊற்றிக் கழுவி, கூட்டையும் மெத்தையையும் சாக்கில் கட்டி எரித்துவிட்டது. தோட்டத்து எலக்ட்ரீஷியன் கடிபட்ட வயர்களை வெட்டி வீசிவிட்டு, மீதியை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன்.

"எல்லாம் சுத்தம் பண்ணிட்டேங்கண்ணா, நீங்க நேரா வேலைய ஆரம்பிச்சிரலாம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை என் பட்டறையில் விட்டார்.

சர்வேயர் வந்தார். பொறுமையான மனிதர். பெஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எலி கடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. கடிச்ச வயர் எங்கங்க?"

"நாத்தம் தாங்கலைங்க சார், தூக்கிப் போட்டுட்டோம்."

அவர் கண்ணில் பட்டது டேப் சுற்றிய பழைய ஜாயின்ட்டுகளும் மெத்தை இல்லாத பெஞ்சும்தான். கண்ணால் பார்த்ததைத்தான் அவர் எழுத முடியும். பின்பலகையை நான் கழற்றியபோது, டேங்கின் மறுபக்கம் எலி கொறித்த தண்ணீர்க் குழாய் ஒன்று யார் கையும் படாமல் இருந்தது. அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. முழு வயரிங்கும் மெத்தையும் உள்பலகையும் ஓமலூர்க்காரரின் சொந்தச் செலவு. நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணம் சாக்கோடு எரிந்துபோனதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்தத் துண்டு வயருக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், எலிப்பல் பட்ட வயரில் மேலுறை இரட்டைக் கோடாகச் சீவியிருக்கும், உள்ளே செம்பு இழை பளபளவென்று தெரியும். ஷார்ட் ஆன வயரில் மேலுறை உருகிச் சுருண்டு கறுத்திருக்கும். முதலாவது வெளிக்காரணத்தால் வந்த சேதம். இரண்டாவதை மின்கோளாறு என்று ஒதுக்கிவிட பாலிசியில் இடம் இருக்கிறது. விரல் நீளத் துண்டு ஒன்றில் மொத்தக் கிளெய்மும் தொங்குகிறது.

அப்படியானால் மழை ஒழுகினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையே சொல்கிறது. பாதுகாப்பது வேறு, ரிப்பேர் செய்வது வேறு. காட்டெருமை இடித்துப் பக்கவாட்டுத் தகடு உள்ளே போயிருந்தால் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள், தகட்டை நிமிர்த்தாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், காஸ் சிலிண்டரை மூடுங்கள். கடிபட்டதைக் கடிபட்ட இடத்திலேயே விடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

போட்டோவை முதலில் தூரத்திலிருந்து, சுற்றிலும் தோட்டம் தெரிய எடுங்கள். பிறகு பதிவு எண்ணோ சேஸிஸ் எண்ணோ தெரிய ஒன்று. பிறகு கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. எலிப்புழுக்கை, எலி நுழைந்த ஓட்டை எல்லாம் வேண்டும். காட்டெருமை உரசினால் ரிவெட் ஓரங்களில் மயிர் சிக்கியிருக்கும், ஈர மண்ணில் குளம்புத் தடம் இருக்கும். தடம் அடுத்த மழையில் போய்விடும் என்பதால் அதை முதலில் எடுங்கள். மாடு பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தால் அது போகும்வரை கிட்டே போகவே வேண்டாம். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வேண்டுமா என்பதைக் கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்கும்போதே கையுறையும் மாஸ்க்கும் போடுங்கள். எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், எலிக்காய்ச்சல் அதில்தான் வருகிறது. காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. சர்வே முடிந்த பிறகு பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

அடிபட்ட வண்டியை அப்படியே இழுத்துக்கொண்டு மலை இறங்குவதும் இந்தத் தவறோடு சேர்ந்ததுதான். ரிப்பேர் செய்யாமல் ஓட்டியதால் சேதம் கூடினால், கூடிய பங்கு உங்கள் தலையில்தான். தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசி வாசகத்தில், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக மொத்தமாக 1,500 ரூபாய் வரைதான் தருவார்கள். கம்பெனியைக் கேட்காமல் நீங்களே செய்துகொள்ளக்கூடிய ரிப்பேர் 500 ரூபாய் வரை. ஏற்காட்டிலிருந்து டிரெய்லரை ஏற்றி இறக்க 1,500 எந்த மூலைக்கு? கட்டி இழுத்துப்போகும் செலவுக்குத் தனி ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் கவர்) இருந்தால் பாலிசி எடுக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

"வயரிங் போயிடுச்சு" என்று போனில் சொல்வது

கால் சென்டரில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் அப்படியே பதிவாகும். "லைட் எரியல, வயரிங் பிரச்சினை" என்றால் மின்கோளாறு என்று ஏறிவிடும். "நிறுத்தியிருந்த வண்டியில் எலி புகுந்து வயரைக் கடித்துவிட்டது, இன்ன தேதியில் பார்த்தேன்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதையே மெயிலிலும் அன்றைக்கே அனுப்புங்கள்.

பழைய சேதத்தையும் சேர்த்து அடைப்பது

காட்டெருமை இடித்தது நேற்று. குரங்கு ஆனிங் துணியை (வண்டிக்கு வெளியே நிழலுக்கு விரிக்கும் துணி) கிழித்தது போன வருஷம். இரண்டையும் ஒரே நாளில் நடந்ததாக எழுதினால், துரு ஏறிய கீறலையும் வெயிலில் வெளுத்த கிழிசலையும் பார்த்ததுமே சர்வேயருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஒரு சம்பவம், ஒரு கிளெய்ம்.

சின்னச் சேதத்துக்கெல்லாம் கிளெய்ம் போடுவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஃபைபர் பாகங்களுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் என்றால் 10, ஐந்துக்கு மேல் பத்து வரை என்றால் 40. எலி கடிப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான்.

உதாரணத்துக்கு, பில் 12,000 ரூபாய். அதில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் 8,000, கூலி 4,000. பாகத்தில் பாதி போக 4,000, கூலி 4,000, டிடக்டிபிள் (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 1,000 கழித்தால் கைக்கு வருவது 7,000. கிளெய்ம் போட்டதால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சுழியத்துக்கு இறங்கும். 50 சதவீதத்தில் இருந்தவர் திரும்ப 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஏறி முடிக்கும்வரை இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் ஒரு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தின் 125 சதவீதம். பிரீமியம் வருஷத்துக்கு 9,000 என்று வைத்துக்கொண்டால் 11,250 ரூபாய். மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறையும், கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் 7,000 வாங்கப் போய் அதைவிட அதிகம் விடுகிறோம். ஜீரோ டிப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கவர்), போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன்கள் இருந்தால் கணக்கு மாறும். எஸ்டிமேட்டை முதலில் பட்டறையில் வாங்கிவிட்டு முடிவெடுங்கள்.

பிறகு பொருத்தியதைச் சொல்லாமல் விடுவது

சோலார் பேனல், இன்வெர்ட்டர், பிரிட்ஜ் எல்லாம் வாங்கிய பிறகு மாட்டியவை. கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியில் ஏற்றாவிட்டால் அவை இல்லாத பொருள்தான். மின் சாதனங்களை ஏற்ற, பழைய டாரிஃப் (பிரீமியக் கட்டணப் பட்டியல்) கணக்கில் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பாத்திரம், போர்வை, துணிமணிக்கு மோட்டார் பாலிசியில் இடமே இல்லை.

சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது

கிளெய்ம் போய்விடும். வேறு பேச்சில்லை.

எலி விஷம்

வைக்காதீர்கள். சுவருக்குள் போய்ச் செத்தால் பலகையைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

ரிப்பேரில் செய்யும் அவசரம்

முறுக்கி டேப் சுற்றிய வயர் மலைப்பாதைக் குலுக்கலில் தளரும். ஈரம் ஏறிப் பச்சை பூக்கும். கிரிம்ப் ஸ்லீவ் (வயர் முனைகளை உள்ளே வைத்து நசுக்கி இணைக்கும் உலோகக் குழாய்) போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் உறை) ஏற்றி, ஃப்ளெக்ஸிபிள் குழாய்க்குள் இழுக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டுவது தீயை வலிய அழைப்பது. எங்கோ இன்னொரு கடி பாக்கி இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

எலி வந்த ஓட்டையை ஸ்ப்ரே ஃபோம் வைத்து மட்டும் அடைப்பார்கள். எலி அதைக் கடித்து வழி எடுத்துக்கொள்ளும். சன்னக் கண் எஃகு வலையைத் திருகாணி போட்டு இறுக்கி, அதன் மேல் சீலன்ட் பூசினால் நிற்கும். விரல் நுழையும் சந்து போதும், சுண்டெலி நுழைந்துவிடும். கார் கனெக்டர் வயர் உள்ளே போகும் இடத்தைத் தவறாமல் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

காட்டெருமை நெளித்த அலுமினியத் தகட்டின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் படத்துக்கு நன்றாக இருக்கும். உள்ளே ரிவெட் துளைகள் அகன்றிருக்கும், அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாக இறங்கிப் பலகையை உளுக்கவைக்கும். தகட்டையே மாற்றுங்கள், பின்னால் இருக்கும் சட்டத்தையும் திறந்து பாருங்கள். சேலத்தில் தகடு வேலைக்கு ஆள் அமையாவிட்டால் நாமக்கல் போங்கள். லாரி பாடி கட்டியே பேர் வாங்கிய ஊர் அது, ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் கம்பெனி அப்ரூவல் வருவதற்கு முன் வேலையைத் தொடங்க விடாதீர்கள், கழற்றிய பழைய தகட்டையும் பில் தீரும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

காஸ் டியூப்பைப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைப்பது

எலி புகுந்த வண்டியில் டியூப்பை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்க்காமல் ரெகுலேட்டரைத் திறக்கக் கூடாது. பல் பட்டிருந்தால் மாற்றுங்கள். உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் உள்ள ஐ.எஸ்.ஐ. டியூப் மட்டும். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள்.

பிரேக் லைட் பார்க்காமல் மலை இறங்குவது

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. எலி கடித்தது உள்ளே லைட் வயரை மட்டும்தான் என்று நினைப்பீர்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்க இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தாக வேண்டும். இரண்டு இண்டிகேட்டரும் அப்படியே.

வாய்வார்த்தையாக மறுத்ததை ஏற்றுக்கொள்வது

"இது கவர் ஆகாதுங்க" என்று போனில் சொன்னதும் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மறுப்பை, எந்த நிபந்தனையின்படி என்ற காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். சர்வே ரிப்போர்ட் நகலும் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கத் தேவையும் இல்லை. மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதைவிட்டால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே கெடு இரண்டு வருஷம். எங்கே போனாலும் முதலில் கேட்பது மறுப்புக் கடிதத்தையும், தேதி போட்ட போட்டோக்களையும், அந்தப் பிளாஸ்டிக் பையில் இருக்கும் வயர் துண்டையும்தான்.