பழைய நிரலகத்தைக் கரையேற்றும்போது

மண்டபம் கரையில் வள்ளத்தைப் பழுதுபார்ப்பவர் வண்ண டப்பாவை முதலில் திறப்பதில்லை. பலகையைத் தட்டிப் பார்க்கிறார். கைவிடப்பட்ட ஓப்பன் சோர்ஸ் நிரலகத்துக்கும் (யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட்ட நிரல்களின் தொகுப்பு) அதே வைத்தியம்தான். உரிமக் கோப்பைப் படியுங்கள், பழைய ஆசிரியரின் பெயரை அழிக்காதீர்கள். பிறகு பழைய பதிப்பிலேயே ஓட்டி, அது தரும் விடைகளைச் சோதனைகளாக எழுதிவையுங்கள்.

பாம்பன் மீன் கணக்குக்காக பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் (2020 ஜனவரி 1 முதல் அதற்கு ஆதரவு இல்லை) எழுதிய ஒரு நிரலகத்தைப் பைத்தான் 3-க்குப் புதுப்பித்தபோது நான் இதைச் செய்யவில்லை. திரையில் எழுதும் பிரிண்ட் கட்டளையின் பிழைகள் உடனே கத்தின. அவை நல்ல பிழைகள். 7/2 என்ற வகுத்தலின் விடை மட்டும் சத்தமின்றி 3-லிருந்து 3.5 ஆகிவிட்டது. ஆளுக்கு மூன்றரைப் பெட்டி நண்டு என்று பட்டியல் வந்தபோதுதான் விழித்தேன். பைத்தான் 2.7-ஐ -3 என்ற குறியுடன் ஓட்டியிருந்தால் அதுவே எச்சரித்திருக்கும். வகுத்த விடை முழு எண்ணாக வேண்டிய இடங்களில் / குறிக்குப் பதில் // போடுங்கள்.