தோட்டப் புத்தகம் வாங்குமுன் கத்தரிப் பக்கத்தைத் திருப்புங்கள்

கடையில் தோட்டக்கலைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கத்தரிக்காய்ப் பக்கத்தைப் பாருங்கள். விதைப்புக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்றோ, நம் மழையை ஒட்டிய மாதங்களோ இருந்தால் வாங்கலாம். ‘கடைசி உறைபனிக்குப் பின்’ என்றிருந்தால் அந்தக் காலக்கணக்கு சமவெளிக்கு உதவாது. அதற்காகப் புத்தகத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. பதியம், ஒட்டு, கவாத்து (கிளை வெட்டிவிடுதல்) எல்லாம் எந்த ஊர்ப் புத்தகத்திலும் படிக்கலாம். வெளிநாட்டுப் புத்தகத்தில் நம்பக் கூடாதவை காலம், வெயில், மண்கலவை மூன்றும்தான். இங்கிலாந்துப் புத்தகம் சொல்லும் ‘முழு வெயிலை’ சித்திரை மாத மொட்டைமாடித் தக்காளிக்குக் கொடுத்தால் பூவெல்லாம் கொட்டிவிடும். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ‘பீட்’ (சதுப்பு நிலத்து மட்கு) என்று போட்டிருக்கும் இடத்தில் தென்னைநார்க் கழிவு போதும்; உப்புப் போக இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசாமல் போட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும்.

காய்கறிக்கு முதலில் வாங்க வேண்டியது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் கையேடு. படிக்கச் சுவையாக இருக்காது, ஆனால் ரகம், பட்டம், இடைவெளி, பூச்சி எல்லாம் நம் ஊருக்கானவை. கணக்கு ஹெக்டேரில் வரும் என்பதால்தான் பலர் மூடிவைத்து விடுகிறார்கள். மாற்றுவது எளிது: ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். கத்தரிக்குத் தொழுவுரம் 25 டன் என்றால் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ, சென்ட்டுக்குச் சுமார் 100 கிலோ. இடைவெளி 60 செ.மீ. என்றால் மாடித்தோட்டத்தில் ஒரு செடிப்பைக்கு ஒரே செடி. மூன்று நட்டால் இலைதான் மிஞ்சும்.

அழகுச் செடிகளுக்குக் கோபாலசாமி ஐயங்காரின் ‘கம்ப்ளீட் கார்டனிங் இன் இந்தியா’ இன்றும் கைகொடுக்கும். ஆனால் அவர் பெங்களூர்க்காரர். அந்த ஊர் 900 மீட்டர் உயரம், அங்கே தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. சென்னைக்காரர்கள் மழைக்கால நடவை ஐப்பசியை ஒட்டித் தள்ளிக்கொள்ள வேண்டும்.

மரங்களை அடையாளம் காண, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட சந்தாபாவின் ‘காமன் ட்ரீஸ்’ தொடக்கத்துக்குப் போதும். ஆழமாகப் போக வேண்டுமா? தமிழகத் தாவரங்களை விவரிக்கும் கே.எம். மாத்யூவின் ‘தமிழ்நாடு கர்நாடிக்’ தொகுதிகளை நூலகத்தில் பாருங்கள். கோட்டோவியங்களுக்கென்றே தனித் தொகுதி உண்டு. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) படமில்லாதது. பூவும் 10 மடங்கு லென்சும் கையில் இல்லாமல் அதைத் திறந்து பயனில்லை. பெயர்களும் பழசு: புங்க மரம் அதில் ‘பொங்காமியா கிளாப்ரா’, நர்சரியில் ‘பொங்காமியா பின்னாட்டா’ என்றுதான் கேட்க வேண்டும்.