பணக் கணக்கைக் குறிவைக்கும் போலி மின்னஞ்சல்: கண்டுபிடிப்பது, தப்புவது, சிக்கினால் செய்வது

பேபால், பயோனியர், வைஸ் போன்ற இணையப் பணச் சேவைகளின் அல்லது உங்கள் வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. கணக்கு முடக்கப்பட்டுள்ளது, 24 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்துங்கள் என்கிறது. அது உண்மையா போலியா என்று பார்ப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அதில் உள்ள லிங்க் வழியாகக் கணக்குக்குள் போவதில்லை. செயலியைத் திறந்து போங்கள், அல்லது முகவரியைக் கையால் தட்டச்சு செய்து போங்கள். கணக்கில் சிக்கல் இருந்தால் அறிவித்தல் அங்கேயே இருக்கும். கூகுளில் தேடிப் போவதையும் தவிருங்கள். தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் விளம்பர இடத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போலித் தளத்தை வைக்கிறார்கள்.

எழுத்துப் பிழையை வைத்துப் போலியைப் பிடித்த காலம் போய்விட்டது. இப்போது பிழையில்லாத ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுகிறார்கள். உங்கள் முழுப்பெயர் சரியாக இருப்பதும் சான்றல்ல. எங்கோ கசிந்த பட்டியலில் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்தே கிடைக்கும். லோகோவைப் பிரதி எடுப்பது இன்னும் எளிது.

அனுப்பியவரும் லிங்கும்

மேலே தெரியும் பெயரை அனுப்புபவர் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். ஜிமெயில் செயலியில் பெயருக்குக் கீழுள்ள சிறிய அம்புக்குறியைத் தட்டினால் உண்மையான முகவரி தெரியும். கணினியில் மூன்று புள்ளிகளை அழுத்தி 'மூலத்தைக் காட்டு' என்பதைத் தெரிவு செய்தால் கடிதம் உண்மையில் அந்தத் தளத்திலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவும் வரும். பேபால் பெயரில் வந்த கடிதத்தில் டிமார்க் தோல்வி என்றிருந்தால் அதை நம்பவேண்டாம். ஆனால் வெற்றி என்றிருந்தாலும் பக்கத்தில் எந்தத் தளத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மோசடிக்காரர் தானே வாங்கிய தளத்திலிருந்து அனுப்பினாலும் மூன்றும் வெற்றி என்றே காட்டும்.

லிங்கை அழுத்தாமல் படிக்கலாம். கணினியில் சுட்டியை மேலே வைத்தால் திரையின் கீழ் ஓரத்தில் முகவரி தெரியும். கைபேசியில் லிங்கை அழுத்திப் பிடித்தால் தெரியும். முகவரியைப் பின்னாலிருந்து படிக்கவேண்டும். முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக உள்ள பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர். 'பேபால்.கொம்.கணக்கு-உறுதி.இன்ஃபோ/லொகின்' என்ற முகவரி பேபாலுடையதல்ல, 'கணக்கு-உறுதி.இன்ஃபோ' என்பவருடையது. முன்னால் ஒட்டியிருக்கும் பேபால்.கொம் வெறும் அலங்காரம். இலங்கை வங்கிகளின் பெயரிலும் இதே வேலை நடக்கும். இலங்கைத் தளங்களுக்குரிய எல்கே என்ற எழுத்துகள் நடுவில் எங்கோ இருப்பதால் பயனில்லை, பெயரின் முடிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும் என்பதையும் கைபேசியின் சின்ன எழுத்தில் மறந்துவிடவேண்டாம். முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டுச் சின்னம், இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் திருடரா என்று அது சொல்லாது.

கியூஆர் குறியீடு அனுப்பினால் கூடுதல் சந்தேகம் வேண்டும். கணினியில் இருக்கும் பாதுகாப்பைத் தாண்டி உங்களைக் கைபேசிக்கு இழுக்கவே அதை வைக்கிறார்கள். மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்பும் எச்டிஎம்எல் (இணையப் பக்கக்) கோப்புகளைத் திறக்கவே வேண்டாம். போலி லொகின் பக்கம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

உண்மையான முகவரியிலிருந்து வரும் மோசடி

அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் இது. மோசடிக்காரர் பேபாலிலேயே கணக்குத் திறந்து, உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு பில் அனுப்புவார். அதைக் கொண்டுவருவது பேபால்தான் என்பதால் முகவரி உண்மை, சோதனைகள் மூன்றும் வெற்றி. சூழ்ச்சி குறிப்புப் பகுதியில் இருக்கிறது: 'உங்கள் கணக்கிலிருந்து 499 டொலர் கழிக்கப்படுகிறது, நிறுத்த இந்த இலக்கத்தை அழையுங்கள்.' அழைத்தால் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பில் வந்ததால் மட்டும் காசு போகாது. நீங்கள் செலுத்தினால்தான் போகும். அழைக்காமல், செலுத்தாமல் விடுங்கள்.

ஓடிபி ஏன் போதாது

போலிப் பக்கத்தில் நீங்கள் கடவுச்சொல்லை இடும் அதே நொடியில் மறுபக்கத்து மென்பொருள் அதை உண்மையான தளத்தில் இடுகிறது. உங்களுக்கு வரும் ஓடிபியும் (ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம்) உண்மையானதே. அதையும் நீங்கள் இட்டதும் திருடர் உள்ளே போய்விடுவார். எனவே குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள்: அட்டைக்கு வரும் ஓடிபியில் பெரும்பாலும் தொகையும் பெறுபவரின் பெயரும் இருக்கும். இதைத் தடுக்கச் சிறந்தது பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியில் இருக்கும் மின்னணுச் சாவி. அது தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் இயங்காது. கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பும் கடவுச்சொல் மேலாளரும் அப்படித்தான்: வழமையாகத் தானே நிரப்பும் இடத்தில் நிரப்பாவிட்டால் அங்கேயே நின்று முகவரியைப் பாருங்கள்.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்களின் மின்னஞ்சல் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பணக் கணக்குகளுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, அதை வேறெங்கும் கொடுக்காமல் வையுங்கள். பிறகு வேலை மின்னஞ்சலுக்கு வரும் பயோனியர் எச்சரிக்கை எதுவாயினும் போலியே.

சிக்கிவிட்டால்

அட்டை விபரம் கொடுத்திருந்தால் முதலில் வங்கிச் செயலியில் அட்டையை முடக்குங்கள், அல்லது அட்டையின் பின்புறத்து இலக்கத்தை அழையுங்கள். போயா தினத்தில் கிளை மூடியிருக்கும் என்று அடுத்த நாள்வரை காத்திருக்கவேண்டாம். வங்கிக்கு வங்கி உடனடிப் பரிமாற்றம் நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். பெற்றவர் எடுப்பதற்குள் அந்தக் கணக்கை நிறுத்தினால்தான் ஏதும் மிஞ்சும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

கடவுச்சொல் கொடுத்திருந்தால் வேறொரு கருவியிலிருந்து அதை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தெரிவை அழுத்துங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஜிமெயில் அமைப்பில் முன்னனுப்பல், வடிகட்டி இரண்டையும் திறந்து பாருங்கள்: வங்கிக் கடிதங்களை நேரே குப்பைக்கு அனுப்பும் விதியைத் திருடர் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பணக் கணக்கில் புதிய வங்கிக் கணக்கோ பெறுநரோ சேர்க்கப்பட்டிருந்தால் நீக்குங்கள்.

அந்த மின்னஞ்சலை அழிக்கவேண்டாம், அது சான்று. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் அறிவியுங்கள். பணம் போயிருந்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென உள்ளது. வங்கி சரியாகப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935ஐ அழையுங்கள். இழந்த காசை மீட்டுத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்டு உள்பெட்டிக்கு வருபவர்களுக்குப் பதில் எழுதவேண்டாம். ஏமாந்தவர்களைத் தேடிவரும் இரண்டாவது மோசடி அது.