தன் ஸ்டெம் செல்லைத் தானே தரும் நோயாளி: சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவரிடம் மருத்துவர், "உங்கள் மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து மாற்று சிகிச்சை (டிரான்ஸ்பிளான்ட்) செய்யலாம்" என்று சொன்னதும், பல வீடுகளில் அண்ணன் தம்பிகளைப் பொருத்தம் பார்க்க அழைத்துவிடுகிறார்கள். அதற்கு இங்கே வேலையே இல்லை; கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. இதைவிடப் பெரிய குழப்பம், எடுத்து வைத்த செல்கள்தான் நோயைக் குணப்படுத்தும் என்று நம்புவது. மைலோமாவைத் தாக்குவது அதிக அளவில் ஏற்றப்படும் மெல்ஃபலான் என்ற மருந்து. அம்மருந்து நல்ல மஜ்ஜையையும் சேர்த்து அழித்துவிடுவதால், அது மீண்டும் தழைப்பதற்கே சேமித்த செல்கள் திருப்பி ஏற்றப்படுகின்றன.

நான் அறிந்தவரை மிகப் பெரிய இழப்பைத் தருவது காலம் தாழ்த்துவதே. மைலோமாவுக்குத் தரும் லெனலிடோமைடு மாத்திரை வீட்டிலிருந்தபடியே சாப்பிடக்கூடியது, நோயும் அடங்கியிருக்கும், எனவே "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் அம்மருந்தை நீண்ட நாள் எடுக்க எடுக்க, மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரும் ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை குறைகிறது. அதனால்தான் பெரும்பாலான மையங்கள் நான்கு மருந்துச் சுற்றுகளை ஒட்டியே சேகரிப்பை முடிக்க விரும்புகின்றன. சேகரிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பு அந்த மாத்திரையை நிறுத்தியும் வைக்கின்றன. மெல்ஃபலான் மாத்திரைகளும், இடுப்பெலும்புக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் மஜ்ஜையை நேரடியாகவே பாதிப்பவை. மாற்று சிகிச்சையை இப்போது செய்துகொள்ள மனமில்லை என்றாலும் செல்களை மட்டும் எடுத்து உறைய வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதை நோயாளியே கேட்பது நல்லது.

அடுத்தது, ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவைக்கும் ஊசி. உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்ற கணக்கில் ஃபில்கிராஸ்டிம் நான்கு நாள் போடப்பட்டு, வழக்கமாக ஐந்தாம் நாள் சேகரிப்பு தொடங்கும். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைப்பது, வெளியே மறந்துவிடுவதைப் போலவே தவறு. இரண்டாம் மூன்றாம் நாளில் இடுப்பும் முதுகும் நெஞ்செலும்பும் விண்விண் என்று தெறிக்கும்; மஜ்ஜை வேகமாக உழைப்பதன் அடையாளம் அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசியை நிறுத்திவிடக் கூடாது. மைலோமாக்காரர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடும் என்பதால், தெருமுனை மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. பாராசிட்டமால் போதும், அதையும் முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எடுக்க வேண்டும். இடப்பக்க மேல்வயிற்றிலோ இடது தோள்பட்டையிலோ வலி வந்தால் மண்ணீரல் வீங்கியிருக்கலாம்; விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளணு எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டிய அறிக்கையைப் பார்த்து, "இனிக் கவலையில்லை" என்று மகிழும் உறவினர்கள் உண்டு. சேகரிப்பை முடிவு செய்வது அந்த எண் அல்ல, இரத்தத்தில் எத்தனை ஸ்டெம் செல்கள் உள்ளன என்று காட்டும் சிடி34 எனப்படும் எண். வெள்ளணு ஏராளமாக இருந்தும் சிடி34 ஒற்றை இலக்கத்தில் நிற்பது அரிதல்ல. அது மைக்ரோலிட்டருக்கு 10க்குக் கீழே இருந்தால், பல மையங்களில் ஸ்டெம் செல்களை மேலும் இரத்தத்துக்கு இறக்கும் பிளெரிக்ஸாஃபர் என்ற விலையுயர்ந்த ஊசியைச் சேர்ப்பார்கள். அதைச் சேகரிப்புக்கு ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு முன்பு போட வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் செல்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் படுக்க வேண்டும் என்றால் இரவு பத்து மணிக்கு ஊசி. தூக்கம் கெடுகிறது என்று மாலை ஆறு மணிக்கே போட்டுக்கொண்டால், செல்கள் உச்சத்தில் இருக்கும் நேரம் கைநழுவிப் போகலாம்.

சேகரிப்பு நாளில் கழிப்பறைக்கு எழ முடியாதே என்று முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்து, வெறும் வயிற்றோடு வந்து படுப்பவர்கள் பலர். நான்கைந்து மணி நேரம் உடலின் மொத்த இரத்தமும் சிலமுறை இயந்திரத்தின் வழியே சுற்றிவர வேண்டிய வேலைக்கு அது நல்ல தொடக்கம் அல்ல. கைநரம்பு தாங்காதவர்களுக்குக் கழுத்து நரம்பில் லைன் எனப்படும் குழாய் வைப்பார்கள். மேலே தொங்கும் சிறு பையில் தக்காளிச் சாறு நிறத்தில் மெல்ல மெல்லச் சேர்வதுதான் அறுவடை; மற்ற இரத்தம் உடலுக்கே திரும்புகிறது. குழாயில் இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலவும், பிறகு விரல்நுனி மரத்ததாகவும் தெரியும். "சிஸ்டர், வாய் கூசுது" என்று அப்போதே சொன்னால், இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுத்துச் சரிசெய்துவிடுவார்கள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பேசாமல் இருந்தால், கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும் நிலைக்குப் போகலாம்.

ஒரு மாற்று சிகிச்சைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கோடி. அந்த எல்லையைத் தொட்டதும் "போதும், நாளைக்கு வேண்டாம்" என்று மறுப்பது அவசரம். கிலோவுக்கு 40, 50 லட்சம் கிடைத்தால் இரத்த அணுக்கள் மீள்வது எளிதாகும். சேகரிப்பில் இரத்தக் கசிவை நிறுத்த உதவும் பிளேட்லெட்டும் இறங்கும் என்பதால், அன்றைய எண்ணிக்கை தெரியாமல் கழுத்து லைனை எடுத்துவிடச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது.

எடுத்ததை எப்படி வைக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். திரவ நைட்ரஜனில் உறைய வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும். இந்தியாவில் பல மையங்கள் செலவைக் குறைக்க, செல்களை உறைய வைக்காமல் 4 டிகிரி குளிரில் இரண்டு மூன்று நாள் மட்டும் வைத்திருந்து, மெல்ஃபலான் கொடுத்த பின் ஏற்றிவிடுகின்றன. மைலோமாவுக்கு இதுவும் ஏற்கப்பட்ட முறையே. ஆனால் இம்முறையில் இரண்டாவது மாற்று சிகிச்சைக்கென்று கையிருப்பு எதுவும் மிஞ்சாது. பாதியை உறைய வைக்க வேண்டும் என்று விரும்புபவர், சேகரிப்பு முடிந்த பிறகு அல்ல, தேதி குறிக்கும்போதே சொல்லியாக வேண்டும்.